கைக்கு எட்டாத மோட்டார்: சிறு பாய்மரப் படகுக்கு எந்த மாற்றம் பொருந்தும்?

5 முதல் 8 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு வைத்திருப்பவர்களைத் தொல்லைப்படுத்தும் கேள்வி இது. மோட்டார் பின்பலகைக்கு வெளியே, கீழே தள்ளித் தொங்குகிறது. கியர் போட ஒவ்வொரு தடவையும் பின்பக்கக் கம்பிவேலியின் மேல் கவிழ வேண்டியிருக்கிறது. கவிழ்ந்திருக்கும் அந்த நாலைந்து நொடிகளில் படகு எங்கே போகிறது என்று பார்க்க ஆளில்லை. ரிமோட் (உட்காரும் இடத்திலிருந்தே கேபிள் வழியாக மோட்டாரை இயக்கும் நெம்புகோல்) பொருத்திவிடலாமா, கைப்பிடியை நீட்டினால் போதுமா, மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டை மாற்றலாமா, ஒரேயடியாக எலக்ட்ரிக் மோட்டாருக்கே போய்விடலாமா?

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிறு படகுகளுக்கு ரிமோட் தேவையில்லை. இரண்டு நீட்டுக்கோல்களும் ஒரு நல்ல பிராக்கெட்டும் போதும். ஆனால் ரிமோட் உண்மையிலேயே தேவைப்படும் படகில் வேறு எதைப் போட்டாலும் ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் இருக்கும். உங்கள் படகு இதில் எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் காரியம்.

## குறை மோட்டாரில் இல்லை

ஓலே எவின்ரூட் 1909இல் தன் மோட்டாரை விற்கத் தொடங்கியபோது அதை மாட்டியது துடுப்புப் படகில். ஓட்டுபவர் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருப்பார், மோட்டார் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். இன்றைய சிறு மோட்டார்களும் அந்த உட்காரும் முறையை மனத்தில் வைத்தே வருகின்றன. கைப்பிடி முன்னால் நீள்கிறது, கியர் நெம்புகோல் பக்கவாட்டில் இருக்கிறது, ஸ்டார்ட்டர் கயிறு முன்பக்கம் வருகிறது.

பாய்மரப் படகில் ஓட்டுபவர் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ முன்னால் உட்காருகிறார். அவர் கையில் ஏற்கெனவே சுக்கான் பிடி இருக்கிறது. நடுவில் கம்பிவேலியும், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியும் குறுக்கிடுகின்றன. போதாததற்கு, படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து உயரமாக இருப்பதால் மோட்டாரைத் தாழ்த்தி மாட்ட வேண்டியிருக்கிறது.

மோட்டாரிடம் கை செய்யும் வேலைகள் ஐந்து: ஸ்டார்ட் செய்வது, கியர் மாற்றுவது, த்ராட்டிலைக் கூட்டிக் குறைப்பது, மோட்டாரைத் திருப்புவது, நீரிலிருந்து தூக்கி இறக்குவது. கடையில் கிடைக்கும் எந்த மாற்றமும் ஐந்தையும் தீர்ப்பதில்லை. எனவே எதையும் வாங்குவதற்கு முன் படகைத் துறையில் கட்டிவிட்டு, மோட்டாரை அணைத்த நிலையில், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். ஐந்தையும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எதற்கெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு அந்தப் பட்டியலில் இரண்டு வரிதான் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கண். எந்த வேலையையும் முன்னால் பார்த்துக்கொண்டே செய்ய முடிகிறதா? துறைக்குள் நுழையும்போது பின்னோக்கு கியர் போட வேண்டிய நொடியில் தலை பின்னால் திரும்பினால், அந்த மாற்றத்தால் பயனில்லை.

அடுத்தது மெதுவேகத் திருப்பம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. படகின் வயிற்றுக்குள் இன்ஜின் இருந்து, சுக்கானுக்கு நேர் முன்னால் ப்ரொப்பெல்லர் சுழன்றால், அது தள்ளும் நீர் சுக்கான் மேல் பாயும். படகு நகராமல் நிற்கும்போதுகூடச் சுக்கான் வேலை செய்யும். பின்பலகையின் ஓரத்தில் தொங்கும் மோட்டாரில், அதாவது அவுட்போர்டில், அந்த வசதி கிடையாது, ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானைத் தொடாமல் பின்னால் போய்விடுகிறது. மோட்டாரை நேராகப் பூட்டி வைத்துவிட்டால், படகு ஓரளவு வேகம் பிடிக்கும்வரை சுக்கானைத் திருப்பிப் பயனில்லை. பின்னோக்கிப் போகும்போது இன்னும் மோசம். மோட்டாரையும் சேர்த்துத் திருப்ப முடிந்தால் அதே படகு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, பாய் விரித்த பிறகு என்ன ஆகிறது என்பது. மோட்டார் மேலே வர வேண்டும், சுக்கான் சுதந்திரமாக ஆட வேண்டும், பாயின் கயிறு எதிலும் மாட்டக் கூடாது. நான்காவது, பழுதானால் பழைய முறைக்குத் திரும்ப முடியுமா என்பது. கேபிள் அறுந்த நாளில் மோட்டாரைக் கையால் இயக்க வழி இருக்க வேண்டும். கடைசியாகப் பின்பலகையில் ஏறும் எடை, பணம், மோட்டாரைக் கழற்றி வேறு இடத்தில் பயன்படுத்தும் பழக்கம் இருக்கிறதா என்பது.

## வழி 1: நீட்டுக்கோல்

மோட்டாரின் திருகு கைப்பிடிமேல் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் காக்பிட்டுக்குள் (ஓட்டுபவர் உட்காரும் பள்ளம்) கொண்டுவருவது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுமினியக் கோல்கள் தயாராகவே விற்கின்றன. கைப்பிடியின் தடிமனுக்கு ஏற்ற பிவிசி குழாயின் முனையை நீளவாக்கில் அறுத்து, ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் அதே வேலைதான் நடக்கும். அழகாக இருக்காது, அவ்வளவே.

இதில் த்ராட்டிலும் திருப்புதலும் ஒரே கையில் வந்துவிடுகின்றன. சுக்கான் பிடியையும் மோட்டார் கைப்பிடியையும் ஒரே பக்கம் தள்ளினால் படகு ஒரே பக்கம்தான் திரும்பும், கைக்குக் குழப்பமில்லை.

கியர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த வழி வெற்றியா தோல்வியா என்பது. கைப்பிடியிலேயே கியர் மாற்றும் அமைப்பு சில மாடல்களில், குறிப்பாக 8 முதல் 10 குதிரைத்திறன் மோட்டார்களில், உண்டு. பக்கவாட்டில் நெம்புகோல் உள்ள மோட்டாரில் அதற்கெனத் தனியாக ஒரு கோல் வேண்டும். நெம்புகோலின் முனையில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பட்டை ஒன்றைப் போல்ட் போட்டு மேல்நோக்கி நீட்டினால் போதும், கம்பிவேலிக்கு மேலேயே கியர் கைக்கு வந்துவிடும். நெம்புகோல் பிளாஸ்டிக்காக இருந்தால் துளையிட வேண்டாம். இரண்டு பக்கமும் தகடு வைத்துக் கவ்வுங்கள்.

2 முதல் 3.5 குதிரைத்திறன் வரையிலான குட்டி மோட்டார்களில் பின்னோக்கு கியரே இருக்காது. மோட்டாரை முழுவதுமாகச் சுற்றித் திருப்பித்தான் பின்னால் போக வேண்டும். அப்படித் திருப்பும்போது நீட்டிய கோல் கம்பிவேலியில் இடிக்கும். அந்த அளவுக்குக் கோலைக் குட்டையாக வைக்க வேண்டும், அல்லது மேல்நோக்கி மடங்கும் மூட்டு போட வேண்டும். ஹோண்டாவின் பிஎஃப்2.3 இந்த வகையில் வசதியானது. அதில் மையவிலக்குக் கிளட்ச் இருப்பதால் த்ராட்டிலைக் குறைத்தாலே ப்ரொப்பெல்லர் நின்றுவிடும், கியர் நெம்புகோலைத் தேடிக் கை போக வேண்டியதில்லை.

மறைந்த செலவு எங்கே என்றால், கோல் நீளமானால் அதன் நெம்புவிசை முழுவதும் அந்தச் சின்னத் திருகுபிடி மேல் இறங்குகிறது. அலையில் தடுமாறி யாராவது கோலைப் பிடித்து ஊன்றினால் கைப்பிடி உடையும். த்ராட்டிலின் உராய்வுத் திருகைக் கொஞ்சம் இறுக்கி வைக்காவிட்டால், குழாயின் எடையும் அதிர்வும் சேர்ந்து வேகத்தைத் தானாகவே மாற்றிவிடும். இன்னொன்று, த்ராட்டிலைக் குறைக்காமல் பதற்றத்தில் கியரை இழுப்பது. அதைத் தடுக்கும் பூட்டு எல்லா மோட்டார்களிலும் இருக்காது. இப்படி இழுக்க இழுக்க, உள்ளே கியரைக் கோக்கும் பல்லிணைப்பான டாக் கிளட்சின் பற்கள் தேயும்.

எப்போது இதுவே போதும்? காக்பிட் சிறியது, மோட்டார் 6 குதிரைத்திறனுக்குள், துறையிலிருந்து வெளியே வரவும் உள்ளே போகவும்தான் மோட்டார் ஓடுகிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மோட்டாரைக் கழற்றி ரப்பர் படகில் மாட்டும் பழக்கம் இருப்பவருக்கும் இதுதான்.

## வழி 2: சுக்கானோடு இணைப்பது

மோட்டாரையும் சுக்கானையும் ஒரு தண்டால் கோத்துவிட்டால், சுக்கான் பிடியைத் திருப்பும்போது மோட்டாரும் திரும்பும். மேலே சொன்ன மெதுவேகத் திருப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நெருக்கமான துறையில் படகை நிறுத்துபவர் ஒருமுறை இதில் பழகிவிட்டால் விடமாட்டார்.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. தண்டின் இரு முனையிலும் எல்லாப் பக்கமும் அசையும் குண்டு மூட்டு வேண்டும், ஏனென்றால் மோட்டாரும் சுக்கானும் ஒரே மட்டத்தில் சுழல்வதில்லை. இரண்டிலும் சுழல் அச்சுக்கு முன்பக்கத்தில்தான் தண்டை மாட்ட வேண்டும். ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னும் மாட்டினால் அவை எதிரெதிராகத் திரும்பும், இது படம் வரைந்து பார்க்காமல் செய்பவர்களுக்கு நேர்வது. நீளத்தைத் திருகித் திருத்தும் வசதி இருந்தால் இரண்டையும் நேர்க்கோட்டில் கொண்டுவருவது எளிது.

சுக்கான் பின்பலகையிலேயே தொங்கும் படகில் ஓர் அபாயம் உண்டு. இரண்டும் முழுக்கத் திரும்பும்போது ப்ரொப்பெல்லரின் இதழ் சுக்கான் பலகையை வெட்டலாம். மோட்டாரைக் கையால் சுற்றி, எந்தக் கோணத்தில் எது எதை நெருங்குகிறது என்று உலர்ந்த நிலத்தில் பார்த்து, அதற்கு முன்பே நிற்கும்படி ஒரு தடுப்பு வையுங்கள். ஒரு கயிறு போதும்.

அன்றாட எரிச்சல் ஒன்றும் இருக்கிறது. பாய் விரித்ததும் தண்டைக் கழற்ற வேண்டும், மோட்டாரை இறக்கியதும் மாட்ட வேண்டும். கழற்ற மறந்து மோட்டாரைத் தூக்கினால் தண்டு வளையும், அல்லது சுக்கான் பிடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரே இழுப்பில் கழலும் ஊசி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அந்த ஊசியும் கம்பிவேலிக்கு மேலே நின்று எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்தக் கவிழ்தலைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ, அதையே மறுபடியும் செய்துகொண்டிருப்போம்.

திறந்த நீரில் நங்கூரம் போட்டு நிறுத்துபவருக்கு இது வேண்டாத வேலை. மோட்டாரை நேராகப் பூட்டிவிட்டுச் சுக்கானால் ஓட்டினால் போதும்.

## வழி 3: கேபிள் வைத்த ரிமோட்

காக்பிட்டின் பக்கச் சுவரில் ஒரு நெம்புகோல். நடுவில் நியூட்ரல், முன்னால் தள்ளினால் முன்னோக்கு கியரும் பிறகு வேகமும், பின்னால் இழுத்தால் அதற்கு எதிர். கியருக்கு ஒன்று, த்ராட்டிலுக்கு ஒன்று என இரண்டு கேபிள்கள் மோட்டாருக்குப் போகின்றன. கியர் விழுந்த பிறகுதான் த்ராட்டில் திறக்கும் என்பதால் டாக் கிளட்ச் பிழைக்கும். முன்னால் பார்த்துக்கொண்டே, எழுந்திருக்காமல், ஒரே கையில். இதைவிட நல்ல கியர் மாற்றம் எந்த வழியிலும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனி அது கேட்கும் விலை. பெட்டியும் கேபிளும் செலவில் ஒரு பாதிதான். மோட்டாருக்குள் கேபிள் முனைகளைப் பொருத்த அந்த மாடலுக்கென்றே ஒரு கிட் வேண்டும். சிறிய மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் அது கிடைப்பதில்லை, ரிமோட் பெட்டி வாங்குவதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும். பின்னோக்கு கியர் இல்லாத குட்டி மோட்டாருக்கு ரிமோட் போடுவதில் பொருளே இல்லை, பின்னால் போக எப்படியும் மோட்டாரைக் கையால் சுற்றித்தான் ஆக வேண்டும்.

கேபிள்களுக்குத் தனிக் குணம் உண்டு. சாதாரணத் தள்ளு-இழு கேபிளை ஏறத்தாழ 20 செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக வளைத்தால் உள்ளே கம்பி உரசிக் கனக்கத் தொடங்கும், சீக்கிரம் தேயும். சிறு படகின் பின்பக்கத்தில் அந்த வளைவுக்கு இடம் கண்டுபிடிப்பது லேசில்லை. தூக்கி இறக்கும் பிராக்கெட் இருந்தால், மோட்டார் மிக மேலே இருக்கும்போதும் மிகக் கீழே இருக்கும்போதும் கேபிள் இழுபடாமல் ஆடும்படி ஒரு சுருள் விட வேண்டும். அந்தச் சுருள் எங்காவது தொங்கும். தொங்குவதில் பாயின் கயிறு மாட்டும். கேபிள் நீளத்தை நேர்க்கோட்டில் அளந்து வாங்கியவர்கள் இங்கேதான் இரண்டாம் தடவை வாங்குகிறார்கள்.

திருப்புவதை ரிமோட் தீர்க்காது. பெரும்பாலான கிட்டுகளில் மோட்டாரின் கைப்பிடியே கழன்றுவிடுவதால், முன்பு கையால் திருப்பிக்கொண்டிருந்ததையும் இழக்கிறோம். அதனால் ரிமோட்டோடு சேர்த்து இரண்டாவது வழியின் இணைப்புத் தண்டும் தேவையாகிறது. கைப்பிடியைப் படகிலேயே ஒரு பெட்டியில் வைத்திருந்து, கேபிள் அறுந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அதை மாட்ட எத்தனை நிமிடம் ஆகும் என்று துறையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டாருக்கு ரிமோட் போட்டால் பாதி வேலை பாக்கி. ஸ்டார்ட் செய்ய எப்படியும் பின்னால் போக வேண்டும். எனவே ரிமோட் என்றால் செல்ஃப் ஸ்டார்ட், செல்ஃப் ஸ்டார்ட் என்றால் 12 வோல்ட் பேட்டரி, பேட்டரி என்றால் தடித்த வயரும் ஃப்யூஸும் சார்ஜ் செய்யும் வழியும். எடையும் வேலையும் கூடிக்கொண்டே போகும்.

இத்தனைக்கும் பிறகு இது யாருக்கு? 7 மீட்டருக்கு மேற்பட்ட படகு, 8 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள செல்ஃப் ஸ்டார்ட் மோட்டார், ஆழமான காக்பிட், படகிலேயே நிரந்தரமாக இருக்கும் மோட்டார். சுக்கானுக்குச் சக்கரம் வைத்த படகாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், ரிமோட்தான். முழங்காலோ முதுகோ ஒத்துழைக்காதவர்களுக்கும், தனியாக ஓட்டுபவர்களுக்கும் படகின் அளவைப் பார்க்காமலே இதைச் சொல்வேன்.

## வழி 4: பிராக்கெட்டையும் தண்டு நீளத்தையும் மாற்றுவது

கட்டுப்பாடுகளைக் கைக்குக் கொண்டுவருவது ஒரு வழி. மோட்டாரையே கைக்கு அருகில் கொண்டுவருவது இன்னொன்று. இதை யாரும் முதலில் நினைப்பதில்லை.

இங்கே தண்டு என்பது மோட்டாரின் தலையிலிருந்து ப்ரொப்பெல்லரை நோக்கி இறங்கும் கால். அவுட்போர்டுகள் பொதுவாக மூன்று தண்டு நீளங்களில் வருகின்றன: 15, 20, 25 அங்குலம். அதாவது ஏறத்தாழ 38, 51, 64 செ.மீ. குட்டைத் தண்டு மோட்டாரைப் பாய்மரப் படகில் மாட்டினால், ப்ரொப்பெல்லர் நீருக்குள் போக மோட்டாரின் தலையை மிகத் தாழ்த்த வேண்டும். 25 அங்குலத் தண்டு என்றால் அதே ப்ரொப்பெல்லர் ஆழத்துக்குத் தலை ஏறத்தாழ 25 செ.மீ. கூடுதல் உயரத்தில் நிற்கும். கியர், ஸ்டார்ட்டர் கயிறு, எரிபொருள் மூடி எல்லாம் அந்த 25 செ.மீ. மேலே வந்துவிடுகின்றன. நீட்டுக்கோலின் தேவை பாதி குறைந்துவிடும்.

நீளத் தண்டின் பெரிய வரம் வேறு. நங்கூரத்தை எடுக்க ஒருவர் படகின் முன்முனையான அணியத்துக்குப் போனதும் படகின் பின்பக்கம் மேலே எழும். ப்ரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உள்ளிழுத்து, மோட்டார் அலறும், படகு நகராது. அலையிலும் இதேதான். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கையகலமாவது இருக்க வேண்டும். குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளையும் மூழ்கியே இருக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சூடேறும்.

தூக்கி இறக்கும் பிராக்கெட்டில் ஸ்பிரிங்கின் பலம் முக்கியம். பழைய பிராக்கெட்டுகள் பல, எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்காக வாங்கப்பட்டவை. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் 6 குதிரைத்திறன் மோட்டார் 25 கிலோவுக்கு மேல் வரும். பிராக்கெட்டில் பொறித்திருக்கும் எடை வரம்பைப் பார்க்காமல் புது மோட்டாரை மாட்டினால் தூக்குவது தண்டனையாகிவிடும், பிராக்கெட்டின் ஊசிகளும் தேய்ந்து ஆட்டம் காணும். பின்பலகைக்கு உள்பக்கம் ஒரு தடித்த மரப்பலகையோ தகடோ வைத்து விசையைப் பரப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மோட்டாரைச் சாய்த்துத் தூக்கக் கப்பி வைப்பது மிக மலிவான உதவி. மோட்டாரின் தூக்குபிடியிலிருந்து கம்பிவேலிக்கு மூன்று அல்லது நான்கு மடங்கு விசை தரும் கப்பிக் கயிறு ஒன்று கட்டினால், உட்கார்ந்தபடியே இழுக்கலாம். மோட்டாரின் மேல்மூடியிலோ அதன் கொக்கியிலோ கயிறு கட்டக் கூடாது, அது கழன்று வந்துவிடும்.

மோட்டாரையே மாற்றும் எண்ணம் இருந்தால் பாய்மரப் படகுகளுக்கென்று வரும் வகைகளைப் பார்க்கலாம். டோஹாட்சுவின் 6 குதிரைத்திறன் 'செயில் ப்ரோ' 25 அங்குலத் தண்டோடும் அதிக உந்துவிசை தரும் ப்ரொப்பெல்லரோடும் வருகிறது. யமஹாவின் டி9.9இல் கியர் விகிதம் 2.92:1. ப்ரொப்பெல்லர் பெரியது, மெதுவாகச் சுழல்வது. கனமான படகை நிறுத்தவும் பின்னால் இழுக்கவும் அதுதான் உதவும், உச்ச வேகம் அல்ல. நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) 6 மீட்டர் உள்ள படகின் உடல்வேக எல்லை எப்படியும் மணிக்கு 6 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவுதான். எத்தனை குதிரையைப் பூட்டினாலும் அதற்கு மேல் போகாமல் அலையைத்தான் கிளப்பும்.

## வழி 5: எலக்ட்ரிக் மோட்டார்

ஐந்து வேலைகளில் இரண்டு இதில் காணாமலே போகின்றன. ஸ்டார்ட் செய்ய எதுவும் இல்லை, கியரும் இல்லை. ப்ரொப்பெல்லர் இரண்டு பக்கமும் சுழலும். த்ராட்டிலைக் காக்பிட்டில் வைக்க ஒரு மெல்லிய வயர் போதும், 20 செ.மீ. வளைவுப் பிரச்சினை இல்லை. டோர்கீடோ டிராவல், இப்ரொபல்ஷன் ஸ்பிரிட் போன்ற 1 கிலோவாட் வகைகளில் பேட்டரியைத் தனியாகக் கழற்றித் தூக்கலாம் என்பதால் மோட்டாரை ஏற்றி இறக்குவதும் எளிது.

குறை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கணக்காகப் பார்த்துவிடலாம். ஸ்பிரிட் 1.0 பிளஸின் பேட்டரி 1276 வாட் மணி. முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி. சிறு மோட்டார் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தாலும், ஒரு உபரிக் கேன் தரும் நிம்மதியை பேட்டரி தராது. மறுபக்கம், வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. பொறுமையாக ஓட்டுபவருக்கு அதே பேட்டரி நெடுநேரம் வரும்.

1.5 டன்னுக்குள் எடையுள்ள படகு, ஏரி அல்லது காற்றும் அலையும் அடங்கிய நீர், துறையில் சார்ஜ் செய்யும் வசதி என்றால் இதைத் தாராளமாக எடுக்கலாம். எதிர்நீரோட்டம் வலுவாக உள்ள முகத்துவாரத்தில் வேண்டாம். அங்கே பாதி வேகம் என்பது நின்ற இடத்திலேயே நிற்பது. ஓடுகிற பெட்ரோல் மோட்டார் ஒன்று கையில் இருக்கும்போது, கியர் எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்குவதையும் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். அந்தக் குறையைத் தீர்க்க ஓர் எஃகுப் பட்டை போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஸ்டார்ட் | கியர் | த்ராட்டில் | திருப்புதல் | தூக்குதல் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|---|
| நீட்டுக்கோல் | உதவாது | தனிக் கோல் வேண்டும் | நன்று | நன்று | உதவாது | கைப்பிடி உடைதல், கிளட்ச் தேய்மானம் |
| சுக்கான் இணைப்பு | உதவாது | உதவாது | உதவாது | மிக நன்று | ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும் | வளைந்த தண்டு, வெட்டுப்பட்ட சுக்கான் |
| ரிமோட் | செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் மட்டும் | மிக நன்று | மிக நன்று | கைப்பிடியும் போய்விடும் | கேபிள் சுருளுக்கு இடம் வேண்டும் | கிட், பேட்டரி, வயரிங் |
| பிராக்கெட், நீளத் தண்டு | ஓரளவு | ஓரளவு | ஓரளவு | மாற்றமில்லை | மிக நன்று | பின்பலகையைப் பலப்படுத்துவது |
| எலக்ட்ரிக் | தேவையே இல்லை | தேவையே இல்லை | மிக நன்று | பெட்ரோல் மோட்டார் போலவே | எளிது | தூர வரம்பு, பேட்டரியின் விலை |

## எந்த வரிசையில் இறங்குவது

உங்கள் பட்டியலில் 'தூக்குதல்' இருந்தால் அதையே முதலில் கவனியுங்கள். பிராக்கெட்டை மாற்றினால் மோட்டாரின் உயரம் மாறும், உயரம் மாறினால் கோலின் நீளமும் கேபிளின் நீளமும் மாறும். தலைகீழாகச் செய்தால் வாங்கியதையே திரும்ப வாங்க நேரும்.

அதன்பின் கியர் கோல், த்ராட்டில் கோல். இதோடு ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் துறைக்குள் திருப்பம் சிரமமாக இருந்தால் இணைப்புத் தண்டு. இவ்வளவுக்குப் பிறகும் கியர் போட எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்றால்தான் ரிமோட். விதிவிலக்கு, படகையும் மோட்டாரையும் சேர்த்துப் புதிதாக வாங்குபவர். அவர் தொழிற்சாலையிலேயே ரிமோட்டும் செல்ஃப் ஸ்டார்ட்டும் பொருத்தி வரும் மோட்டாரை எடுத்துக்கொள்வது, பிறகு கிட் தேடி அலைவதைவிட மலிவு.

எந்த வழியானாலும் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மறந்துவிடக் கூடாது. மோட்டாரோடு வரும் கயிறு, அதன் பக்கத்திலேயே உட்காருபவரின் மணிக்கட்டுக்காகச் செய்தது. ஓட்டுபவர் ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் அது எட்டுவதில்லை. உடனே அதைக் கம்பிவேலியில் கட்டிவிடுகிறார்கள், அல்லது வேறு கயிற்றால் நீட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. முதலாவதில் ஆள் நீரில் விழுந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் ஆள் விழுந்து நீண்ட தூரம் போன பிறகுதான் இழுபடும்.

ரிமோட் பெட்டிகளில் இதற்கான ஸ்விட்ச் சேர்ந்தே வருகிறது. நீட்டுக்கோல் போடுபவர் காக்பிட்டுக்குள் இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றை வைக்க வேண்டும். பல சிறு மோட்டார்களில் இந்த ஸ்விட்சின் முனைகள் சேரும்போது இக்னிஷன் எர்த் ஆகி மோட்டார் நிற்கும், அதனால் இரண்டாவதை இணையாக இணைக்கலாம். உங்கள் மோட்டாரும் அதே வகைதானா என்று அதன் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே வயரைத் தொடுங்கள். நீர் புகாத ஸ்விட்சாக இருக்கட்டும். பொருத்தி முடித்ததும் படகை முன்னும் பின்னும் இறுகக் கட்டி, நியூட்ரலில் ஒரு தடவை, முன்னோக்கு கியரில் ஒரு தடவை, பின்னோக்கில் ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பாருங்கள். பழைய ஸ்விட்சையும் அதேபோல் மூன்று நிலையிலும் சோதியுங்கள். இரண்டில் எதை இழுத்தாலும் மோட்டார் நிற்காவிட்டால், அது சரியாகும்வரை படகை அவிழ்க்க வேண்டாம்.